கடைக் காளானில் நஞ்சு உண்டா?

எங்கள் புறநோயாளர் பிரிவில் காளானைப் பற்றி இரு கேள்விகள் எழுகின்றன. காளான் உண்டால் புற்றுநோய் வருமாமே என்பது ஒன்று. காளான் பொடி புற்றுநோயைத் தீர்க்குமாமே, வாங்கித் தரலாமா என்பது மற்றொன்று.

முதல் கேள்விக்கு ஓர் அடிப்படை உண்டு. தாம்பரம், குரோம்பேட்டைக் கடைகளில் சிறு பெட்டிகளில் விற்கப்படும் வெள்ளை மொட்டுக் காளானில் அகாரிடின் என்னும் இயற்கை வேதிப்பொருள் இருக்கிறது. புதிதாகப் பறித்த ஒரு கிலோவில் இதன் அளவு பொதுவாக 200 முதல் 500 மில்லிகிராம். பச்சைக் காளானை வாழ்நாள் முழுதும் பெருமளவில் உண்ட சுண்டெலிகளுக்குக் கட்டிகள் தோன்றின. மனிதரிடம் அத்தகைய சான்று இல்லை. பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை அகாரிடினை 3ஆம் பிரிவில், அதாவது மனிதருக்குப் புற்றுநோய் தருமா என வகைப்படுத்த இயலாதவற்றுள் வைத்துள்ளது.

நம் சமையலறை வழக்கமே இங்கு நமக்குத் துணை. குளிர்பதனப் பெட்டியில் இருக்கும்போதே அகாரிடின் குறையத் தொடங்குகிறது. எண்ணெயில் வதக்கினால் மூன்றில் ஒரு பங்கு முதல் மூன்றில் இரண்டு பங்கு வரை குறைகிறது. நீரில் ஐந்து நிமிடம் கொதித்தால் ஏறத்தாழப் பாதி அந்த நீரில் இறங்கிவிடுகிறது. அழிவதில்லை, இடம் மாறுகிறது. ஆகவே வேகவைத்த முதல் நீரை வடித்துவிட்டு மசாலாவில் சேர்ப்பது நன்று. சிறுநீரக நோயாளர்க்கு இதனால் இன்னொரு பயனும் உண்டு. நூறு கிராம் மொட்டுக் காளானில் ஏறக்குறைய 300 மில்லிகிராம் பொட்டாசியம் இருக்கிறது. அதிலும் ஒரு பகுதி அந்த நீரோடு போய்விடும். எனினும் டயாலிசிஸ் செய்துகொள்வோர் எவ்வளவு உண்ணலாம் என்பதை உணவியல் வல்லுநரிடம் கேட்டே முடிவுசெய்ய வேண்டும்.

சிப்பிக் காளானின் கதை வேறு. இரத்தச் சிவப்பணுக்களைச் சிதைக்கவல்ல ஒரு புரதம் அதில் உண்டு. சமையல் சூட்டில் அது செயலிழந்துவிடும். வீட்டில் வைக்கோல் பைகளில் இதை வளர்ப்போர் அஞ்ச வேண்டியது வித்துத்தூளை. பூட்டிய அறையில் நாள்தோறும் அதைச் சுவாசித்தால் இருமலும் காய்ச்சலும் மூச்சிரைப்பும் கொண்ட நுரையீரல் ஒவ்வாமை வரக்கூடும். குடை முழுதும் விரியுமுன் பறியுங்கள், முகக்கவசம் அணியுங்கள். ஆஸ்துமா உள்ளவர் அந்த அறைக்குள் செல்லாதிருத்தல் நலம்.

ஆக, எச்சரிக்கை வேண்டியது குழம்பில் அன்று; சாலட்டில் சீவிப் போடும் பச்சைக் காளானிலும் விலை மிகுந்த பொடிகளிலும்தான். கீமோதெரபி பெறுவோர்க்குப் பச்சைக் காளான் கிருமித் தொற்றையும் கொணரலாம். பொடி, சாறு, மாத்திரை ஆகியவை ஒருபோதும் சமைத்த காளானுக்கு ஈடாகா. ஜப்பானில் ஒருவகைக் காளான் சாற்றை உட்கொண்ட புற்றுநோயாளிகள் மூவருக்குக் கடுமையான கல்லீரல் பாதிப்பு நேர்ந்ததையும், அச்சாறே காரணமாக இருக்கலாம் என்ற ஐயத்தையும் 2006இல் மருத்துவர்கள் பதிவுசெய்துள்ளனர். உங்களிடம் ஏற்கெனவே பொடி இருந்தால் ஒளிக்காமல் எங்களிடம் காட்டுங்கள். நாங்கள் கடிந்துகொள்ள மாட்டோம்.

இதுவரை சொன்னது யாவும் பயிரிட்ட காளானுக்கே பொருந்தும். ஐப்பசி, கார்த்திகை மழையில் முடிச்சூர், சேலையூர்ப் பக்கத்து வெற்று மனைகளில் முளைப்பவற்றுக்கு இந்தக் கணக்கு செல்லாது. சில காட்டுக் காளான்களில் உள்ள அமடாக்சின் எவ்வளவு வேகவைத்தாலும் அழியாது. வெள்ளிக் கரண்டி கறுக்கவில்லை, பூச்சி அரித்திருக்கிறது என்னும் சோதனைகளுக்கும் மதிப்பில்லை. அந்நஞ்சு பெரும்பாலும் ஆறு மணிநேரம் கழித்தே வாந்தியும் வயிற்றுப்போக்குமாக வெளிப்படும். மறுநாள் குணமானதுபோல் தோன்றும். அந்நேரத்திலேயே கல்லீரல் சிதைந்துகொண்டிருக்கும். வாந்தி நின்றுவிட்டதே என்று வீட்டில் காத்திருக்க வேண்டா. உடனே 108ஐ அழையுங்கள். எஞ்சிய காளானையோ சமைத்த மிச்சத்தையோ காகிதப் பையில் இட்டுக் கையோடு கொண்டுவாருங்கள். உடன் உண்டவர்கள் நலமாக இருந்தாலும் அவர்களையும் அழைத்து வாருங்கள்.