பயிருக்கு மட்டுமா சோகை? கர்ப்பிணிகளுக்கு இரும்புச்சத்து தேவை

கீழ்நாட்டில் சுண்ணாம்பு மிகுந்த நிலத்தில் நிலக்கடலை வெளுத்து மஞ்சளாவது உண்டு. மண்ணில் இரும்பு இருக்கும். சுண்ணாம்பு அதைப் பயிர் எடுக்க விடாது. உடனே அன்னபேதி உப்பைக் கரைத்துத் தெளிக்கிறோம். அதே சோகை வீட்டில் கர்ப்பிணிக்கு வந்தால், "பிள்ளைத்தாய்ச்சிக்கு அசதி சகஜம்" என்று விட்டுவிடுகிறோம். இது பெரும் தவறு.

2019-21ல் நடந்த தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, இந்தியாவில் கர்ப்பிணிகள் 100 பேரில் 52 பேருக்கு இரத்தசோகை இருந்தது.

அறிகுறிகள்

பூம்பாறையில் படிக்கட்டு நிலங்களில் பூண்டுக்குக் களையெடுப்பதிலும், உருளைக்கிழங்கு, காரட் அறுவடையிலும் பெண்களின் உழைப்பு அதிகம். மேட்டில் ஏறும்போது மூச்சிரைத்தால் மலையேற்றம்தான் காரணம் என்று எண்ணிவிடக் கூடாது. தலைசுற்றல், படபடப்பு, கண் இமையின் உட்புறமும் நகமும் வெளுத்தல் ஆகியவை சோகையின் அடையாளங்கள்.

சோகையுள்ள தாய்க்குப் பிரசவத்தில் இரத்தப்போக்கு ஏற்பட்டால் உடல் தாங்காது. குறைப்பிரசவமும் எடை குறைந்த குழந்தையும் ஏற்படலாம். கொடைக்கானலுக்கு வளைந்து செல்லும் மலைப்பாதையில் நேரம் பிடிக்கும் என்பதால், முன்கூட்டியே கவனிப்பது அவசியம்.

பரிசோதனை

கர்ப்பம் தெரிந்தவுடன் கிராம சுகாதார செவிலியரிடம் பதிவு செய்து, இரத்தத்தைச் சோதிக்க வேண்டும். ஹீமோகுளோபின் 11 கிராமுக்குக் குறைந்தால் சோகை. 7க்குக் கீழே போனால் கடுமையானது, மருத்துவமனைச் சிகிச்சை தேவை. உயரமான மலைவாசிகளுக்கு இந்த அளவு இயல்பாகவே சற்றுக் கூடியிருக்கும். ஆகவே 11 இருந்தாலும் நிம்மதியடைந்துவிடாமல் மருத்துவரைக் கேட்பது நல்லது.

மாத்திரை சாப்பிடும் முறை

நான்காம் மாதம் முதல் தினமும் ஒரு இரும்புச்சத்து மாத்திரை வீதம் 180 நாட்களும், பிரசவத்திற்குப் பின் 180 நாட்களும் சாப்பிட வேண்டும். சோகை இருந்தால் மருத்துவர் அளவைக் கூட்டுவார். அரசு சுகாதார நிலையங்களில் இது இலவசம்.

நிலக்கடலைக்குச் சுண்ணாம்பு எப்படியோ, மாத்திரைக்குத் தேநீரும் காப்பியும் அப்படியே. குளிருக்கு அடிக்கடி தேநீர் குடிப்பவர்கள், மாத்திரைக்கும் சாப்பாட்டுக்கும் முன்னும் பின்னும் ஒரு மணி நேரம் அதைத் தவிர்க்க வேண்டும். கால்சியம் மாத்திரையை வேறு வேளையில் சாப்பிடவும். எலுமிச்சைச் சாறு, நெல்லிக்காய் போன்றவை இரும்பு உடலில் சேர உதவும். மலம் கறுப்பாகப் போவது கண்டு பயப்பட வேண்டாம். குமட்டினால் இரவில் உணவுக்குப் பின் சாப்பிடலாம், நிறுத்தக் கூடாது. வயலுக்கு வாங்கிய அன்னபேதியை ஒருபோதும் மருந்தாக உட்கொள்ளக் கூடாது.

உணவு

கீரை, கேழ்வரகு, பயறு, கொள்ளு, முட்டை, மீன், இறைச்சி ஆகியவற்றை இயன்றவரை சேர்த்துக் கொள்ளலாம். உணவு மட்டும் போதாது, மாத்திரையும் வேண்டும். குடற்புழு மருந்தை மருத்துவர் சொல்லும் மாதத்தில் சாப்பிட வேண்டும். ஈர மண்ணில் வெறுங்காலுடன் நடப்பதைத் தவிர்க்கவும்.

வீட்டு ஆண்கள் தினமும் ஒரு கேள்வி கேட்டால் போதும்: "இன்றைக்கு மாத்திரை சாப்பிட்டாயா?" பூண்டு மூட்டையை ஏற்றி அனுப்பக் காட்டும் அக்கறையில் பாதி இதற்கும் இருந்தால், தாயும் பிள்ளையும் நலமாக வீடு திரும்புவார்கள்.