போனில் எடுத்த படம் 'ஆப்பிரிக்க ஈ' என்கிறதா? பச்சை ஈயை அடையாளம் காண்பது எப்படி?

ராயப்பேட்டை ஜாம் பஜார் பக்கம் மீன் வாங்கப் போனால், பச்சையும் நீலமுமாக மின்னும் ஈக்களைப் பார்க்காமல் வர முடியாது. அதைப் படம் எடுத்து ஒரு ஆப்பில் போட்டதும் ஆப்பிரிக்க இனத்தின் பெயர் வந்தால்? வெளிநாட்டு ஈ வந்துடுச்சுன்னு உடனே பதற வேண்டாம். படத்தை வைத்து எவ்வளவு தூரம் சொல்ல முடியும் என்று பார்ப்போம்.

முதலில், இது எந்த வகை ஈ?

• வீட்டு ஈ: சாம்பல் நிறம், மினுமினுப்பு இருக்காது. முதுகில் நான்கு கருங்கோடுகள்.
• சதை ஈ: இதுவும் சாம்பல்தான். முதுகில் மூன்று கோடுகள், வயிற்றில் சதுரங்கக் கட்டம் மாதிரி புள்ளிகள்.
• பச்சை ஈ, நீல ஈ: உலோகம் போல மின்னும்.

இந்த அளவுக்கு மொபைல் படமே போதும். சிக்கல் இதற்கு அப்புறம்தான்.

நம்ம ஊரில் இருப்பவை எவை?

கருவாட்டையும் மலத்தையும் தேடி வருவது கிரைசோமியா மெகாசெபாலா. பெரிய தலை, சிவந்த கண்கள். ஆண் ஈக்கு இரண்டு கண்களும் நடுவில் ஒட்டியிருக்கும்; பெண்ணுக்கு இடைவெளி உண்டு.

இன்னொன்று கிரைசோமியா ரூஃபிஃபேசிஸ். இதன் புழுவின் உடம்பு முழுக்க முள் போன்ற சதை நீட்சிகள். மற்ற ஈக்களின் புழுக்களையே பிடித்துத் தின்னும்.

ஆப்பிரிக்கப் பெயர் ஏன் வருகிறது?

ரூஃபிஃபேசிஸுக்கு ஆப்பிரிக்காவில் ஒரு 'இரட்டைப் பிறவி' உண்டு: கிரைசோமியா அல்பிசெப்ஸ். புழுவும் அதே மாதிரி முள்ளுடன்தான் இருக்கும். வளர்ந்த ஈயில் முக்கிய வித்தியாசம், முன் மூச்சுத்துளை அருகே உள்ள ஒரே ஒரு முடி. ரூஃபிஃபேசிஸுக்குப் பொதுவாக அது உண்டு, அல்பிசெப்ஸுக்குப் பொதுவாக இல்லை. சாதாரண போன் படத்தில் அந்த முடி தெரியாது. அதனால் ஆப் சொல்வது ஊகம்தான்.

அப்போ பயமே வேண்டாமா?

கவனிக்க வேண்டியது கிரைசோமியா பெஸியானா. 1914-இல் ஆப்பிரிக்காவின் காங்கோவில் கிடைத்த ஈயை வைத்து இதற்குப் பெயர் சூட்டினார்கள். ஆனால் இது இந்தியாவிலும் இருக்கும் இனம்தான். மற்றவை பெரும்பாலும் அழுகியதைத் தின்னும். இதன் புழுவோ உயிருள்ள சதையைத் தின்னும். ஆறாத புண்ணின் ஓரத்தில் முட்டையிடும், ஒரு நாளுக்குள் பொரிந்துவிடும். மாடு, நாய் மட்டுமல்ல, படுத்த படுக்கையாக இருப்பவர்கள், சர்க்கரைப் புண் உள்ளவர்களுக்கும் ஆபத்து. பார்வைக்கு மெகாசெபாலா மாதிரியே இருப்பதால், படத்தைப் பார்த்து 'இது சாதா ஈ' என்று விட்டுவிடக் கூடாது.

போலீஸுக்கு ஏன் இது முக்கியம்?

சடலத்தில் உள்ள புழுவின் வயதைக் கணக்கிட்டு, இறந்து எத்தனை நாள் என்று மதிப்பிடுவார்கள். வளரும் வேகம் இனத்துக்கு இனம் மாறும், வெயிலுக்கும் மாறும். இனத்தைத் தப்பாகச் சொன்னால் நாள் கணக்கும் தப்பாகும். அதனால் மைக்ரோஸ்கோப், தேவைப்பட்டால் டி.என்.ஏ. பரிசோதனை என்று போய்த்தான் உறுதி செய்வார்கள்.

உபயோகமான படம் எடுக்க...

• மேலிருந்து, பக்கவாட்டில், முகத்துக்கு நேராக என மூன்று படங்கள்.
• பக்கத்தில் ஒரு ஸ்கேல் வையுங்கள்.
• தேதி, இடம், எதன் மேல் உட்கார்ந்திருந்தது என்று எழுதி வையுங்கள்.
• பக்கவாட்டுப் படத்தில் மூச்சுத்துளையின் நிறத்தைப் பாருங்கள். ரூஃபிஃபேசிஸுக்கு வெளுப்பு, மெகாசெபாலாவுக்குக் கரும்பழுப்பு.

புண்ணில் புழு தெரிந்தால்?

படம் எடுத்துத் தேடி நேரம் கடத்தாதீர்கள். மண்ணெண்ணெய், பினாயில் ஊற்றவே வேண்டாம். மனிதர்களுக்கு அரசு மருத்துவமனை, செல்லப் பிராணிகளுக்கு கால்நடை மருத்துவர். எல்லாப் புழுவையும் எடுத்து, புண்ணைச் சுத்தம் செய்வதுதான் சிகிச்சை. எடுத்த புழுவில் சிலவற்றைப் பாதுகாத்து ஆய்வகத்துக்கு அனுப்பச் சொல்லிக் கேளுங்கள். எந்த ஈ என்பதற்கு உறுதியான பதில் அங்கேதான் கிடைக்கும்.