ஒரே வீட்டில் மூணு தண்ணி: எதை எதுக்குப் பயன்படுத்துவது?

ஃபர்ஸ்ட் இயர் கெமிஸ்ட்ரி லேப்ல ஈடிடிஏ டைட்ரேஷன் பண்ணி, ரெக்கார்ட்ல கையெழுத்து வாங்கினதோட தண்ணீரின் கடினத்தன்மையை மறந்திருப்பீங்க. ஆனா பேரணாம்பட்டு, ஆம்பூர், வாணியம்பாடி பக்கத்து வீடுகளில் அது தினமும் குழாயிலயே வருது. அந்தத் தண்ணியை எப்படிப் புரிஞ்சுக்கிறது, எப்படி மிச்சப்படுத்துறதுன்னு பார்ப்போம்.

உப்பு எங்கிருந்து வந்தது?

பச்சைத் தோல் அழுகாமல் இருக்க முதலில் உப்பு போடுவார்கள். தோல் தொழிற்சாலையில் ஊறவைத்துக் கழுவும்போது அந்த உப்பு தண்ணீரோடு வெளியே வரும். பிறகு சுண்ணாம்பு, சோடியம் சல்பைடு, பதனிடும்போது குரோமியம் சல்பேட். சுத்திகரிப்பு நிலையத்தில் பாக்டீரியா கரிமக் கழிவைச் சாப்பிட்டுவிடும். குரோமியத்தை வீழ்படிவாக்கிப் பிரிக்கலாம். கரைந்த உப்பு மட்டும் அப்படியே தங்கிவிடும். அதைப் பிரிக்க ஆர்ஓவும் ஆவியாக்கியும் வேணும். அவை வருவதற்கு முன் பல வருஷம் வெளியேறிய கழிவுநீர் பாலாற்றுப் படுகையின் நிலத்தடியில் இறங்கிவிட்டது.

வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில், 1996 ஆகஸ்ட் 28 அன்று உச்ச நீதிமன்றம் 'மாசுபடுத்தியவரே அதற்கான செலவை ஏற்க வேண்டும்' என்ற கொள்கையை உறுதி செய்தது. சுமார் 35,000 ஹெக்டேர் விவசாய நிலம் பகுதியாகவோ முழுமையாகவோ பயிரிட முடியாமல் போனதாக அந்தத் தீர்ப்பிலேயே பதிவாகியிருக்கு. 2025 ஜனவரியில் அதே நீதிமன்றம் இழப்பீடு பற்றி மறுபடி உத்தரவு போட வேண்டியிருந்தது. நம்மில் பலர் வீட்டில் அடுப்பு எரிவதும் இந்தத் தொழிலால்தான். அதனால் கோபப்படுவதோட நிறுத்தாம, வீட்டளவில் என்ன செய்யலாம்னு யோசிப்போம்.

டிடிஎஸ் மீட்டரை எவ்வளவு நம்பலாம்?

இந்தியத் தரநிலை ஐஎஸ் 10500 படி குடிநீரில் டிடிஎஸ் லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்குள் இருக்கணும். வேறு தண்ணியே இல்லைன்னா 2000 வரை அனுமதி. குரோமியத்துக்கு எல்லை வெறும் 0.05 மில்லிகிராம்.

இங்கதான் விஷயம். மீட்டர் மின்கடத்துத்திறனை அளந்து மொத்த உப்பைக் கணக்கிடுது. குரோமியம் எல்லையைப் போல பத்து மடங்கு இருந்தாலும் கூடுவது 0.5 மில்லிகிராம்தான். மீட்டர் எண்ணில் அது தெரியவே தெரியாது. கிருமியும் தெரியாது. "மீட்டர்ல 80 காட்டுது, சூப்பர் தண்ணி"ன்னு யாராவது சொன்னா தலையாட்டாதீங்க. தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியத்தின் மாவட்டப் பரிசோதனைக் கூடத்தில் ஒருமுறை கொடுத்துப் பாருங்க. குரோமியத்தைத் தனியா கேளுங்க. இன்னொன்னு: கொதிக்க வைத்தால் கிருமி சாகும், உப்பு போகாது. தண்ணி ஆவியாவதால் உப்பு கொஞ்சம் கூடத்தான் செய்யும்.

சம்ப்பில் கலக்காதீங்க

மேட்டூரிலிருந்து வரும் காவிரிக் கூட்டுக் குடிநீரையும் போர் தண்ணியையும் ஒரே சம்ப்பில் விடும் வழக்கம் நிறைய வீடுகளில் உண்டு. உதாரணத்துக்கு, 300 டிடிஎஸ் உள்ள 1000 லிட்டரோடு 2000 டிடிஎஸ் உள்ள 1000 லிட்டரைக் கலந்தால் கிடைப்பது 1150. நல்ல தண்ணியும் கெட்டுப்போச்சு, இனி குடிக்க ஆர்ஓ கட்டாயம். அதற்குப் பதிலா, சமையலறைக்கு மட்டும் ஒரு சின்னத் தொட்டியும் தனிக் குழாயும் போட்டால் போதும். துவைக்க, கழுவ, கழிப்பறைக்கு போர் தண்ணி.

ஆர்ஓ தள்ளும் தண்ணி

சாதாரண வீட்டு ஆர்ஓ 1 லிட்டர் கொடுக்க சுமார் 3 லிட்டரை வெளியே தள்ளும். 500க்குக் கீழே டிடிஎஸ் உள்ள இடங்களில் ஆர்ஓ கூடாதுன்னு தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2019 மே மாதமே உத்தரவிட்டது. வேற வழியில்லாம வச்சிருந்தா, தள்ளும் தண்ணியைப் பக்கெட்டில் பிடிங்க. உள்ளே போனது 1500 என்றால் வெளியே வருவது சுமார் 2000. தரை துடைக்க, கழிப்பறைக்கு ஊத்தலாம். செடிக்குத் தினமும் ஊத்தினால் மண் உப்பாகிவிடும்.

மொட்டை மாடிக் கணக்கு

1 சதுர மீட்டரில் 1 மில்லிமீட்டர் மழை என்றால் 1 லிட்டர். 60 சதுர மீட்டர் மாடியில் 25 மில்லிமீட்டர் பெய்தால் 1500 லிட்டர். ஆவியாதல், முதல் கழுவல் எல்லாம் போக 1200 லிட்டர் தேறும். குடிக்க, சமைக்கத் தினம் 20 லிட்டர் செலவாகும் வீட்டுக்கு அது 60 நாள் தண்ணி! மழைநீரில் உப்பு மிகக் குறைவு. முதல் சில நிமிஷத் தண்ணியை வெளியே விட்டு, மீதியை வடிகட்டி, மூடிய தொட்டியில் சேமிங்க. குடிக்கும் முன் கொதிக்க வைங்க. மிச்சத்தை மண்ணில் இறக்கினால் நிலத்தடி உப்பின் அடர்த்தியும் மெல்லக் குறையும். 2003லிருந்து தமிழ்நாட்டில் மழைநீர் சேகரிப்பு கட்டாயம். உங்க வீட்டுக் குழாய் இன்னும் அந்தக் குழியோட சேர்ந்திருக்கா, இல்ல தெருச் சாக்கடைக்குப் போகுதா?

இந்த லீவுக்கு ஊருக்குப் போகும்போது போர், காவிரி, ஆர்ஓ என மூணு பாட்டிலில் பிடிச்சு, பேர் எழுதி ஒட்டி, பரிசோதனைக்குக் கொடுங்க. ரிசல்ட்டை அம்மா அப்பாகிட்ட விளக்கிச் சொல்லுங்க. எந்தக் குழாய்க்கு எந்தத் தண்ணின்னு அதுக்கப்புறம் வீட்டுல சேர்ந்து முடிவு பண்ணலாம்.