மலை தெரியும் மனை, மழை இறங்கும் வழி

திருவண்ணாமலையில் மனை விற்பவர் முதலில் சொல்வது, ‘வாசலில் நின்றால் மலை தெரியும்’ என்பதைத்தான். அந்த மலையில் பெய்யும் மழை எந்தப் பக்கம் இறங்கும் என்று அவர் சொல்வதில்லை, வாங்குபவரும் கேட்பதில்லை.

1989-ல் மாவட்டத் தலைநகரம், 2024-ல் மாநகராட்சி. 2011 கணக்கெடுப்பில் நகராட்சிக்குள் சுமார் 1.45 லட்சம் பேர். எல்லைக்கோடு நகருமுன்பே வீடுகள் நகர்ந்துவிட்டன. பௌர்ணமி கிரிவலக் கூட்டத்தை நம்பி விடுதிகள், ஓய்வுக்காலத்தை ஆசிரமங்கள் பக்கம் கழிக்க வருவோருக்கு அடுக்ககங்கள் என்று நிலத்தின் விலை ஏறியது. ஏற ஏற, கூலிக்காரர்கள் மலைச்சரிவில் ஏறினார்கள்; லேஅவுட்கள் ஏரிப் பக்கம் இறங்கின.

சரிவில் குடியிருப்பதன் ஆபத்து 2024 டிசம்பர் 1-ல் தெரிந்தது. ஃபெஞ்சல் புயல் மழையில் வ.உ.சி. நகரில் மண்ணும் பாறையும் சரிந்து ஏழு பேர் இறந்தார்கள். ஐந்து பேர் குழந்தைகள். அதன்பிறகு ஆக்கிரமிப்பை அகற்றுவது பற்றி நிறையப் பேசினோம். அங்கே தெருவும் மின்கம்பமும் எப்படி வந்தன என்று அவ்வளவாகப் பேசவில்லை.

கீழே நடப்பது சத்தமில்லாதது. மலையிலிருந்து இறங்கும் ஓடைகள்தான் சுற்றியுள்ள குளங்களுக்கும் ஏரிகளுக்கும் வரத்து. பல ஓடைகள் வருடத்தில் பத்து மாதம் காய்ந்து கிடக்கும். ஆடு மேயும், முள் மண்டும். நாலு லோடு மண் கொட்டினால் மனைக்குப் போகும் ரோடு.

சட்டம் இல்லாமல் இல்லை. அங்கீகாரமில்லாத மனைகளைப் பதிவு செய்ய 2016 செப்டம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் தடை விதித்தது. அடுத்த ஆண்டு வரன்முறைத் திட்டம் வந்தது; நீர்நிலையில் போட்ட மனைக்கு அதில் இடமில்லை. தமிழ்நாட்டின் 2019 ஒருங்கிணைந்த வளர்ச்சி, கட்டட விதிகளின்படி, 10,000 சதுர மீட்டரைத் தாண்டும் லேஅவுட்டில் சாலை போக மீதியில் 10 சதவீதத்தைப் பொது இடமாக உள்ளாட்சிக்கு எழுதிக் கொடுக்க வேண்டும். ஆனால் இவையெல்லாம் ஒவ்வொரு லேஅவுட்டாகப் பார்ப்பவை. மலை உச்சி முதல் ஏரி மதகு வரை ஒரே படமாகப் பார்த்து, ஓடைகளை முதலிலும் சாலைகளைப் பிறகும் வரைவதுதான் மாநகராட்சியின் முதல் வேலையாக இருக்க வேண்டும்.

மனை வாங்குவோர் அதுவரை டிடிசிபி (நகர் ஊரமைப்பு இயக்ககம்) அங்கீகார எண்ணையும் வில்லங்கச் சான்றையும் பார்த்ததோடு நிற்க வேண்டாம். புலப்படத்தில் ஓடை இருக்கிறதா என்று பாருங்கள். பக்கத்துக் கொல்லைக்காரரிடம், ஃபெஞ்சல் மழையில் இங்கே தண்ணீர் எத்தனை நாள் நின்றது என்று கேளுங்கள்.