கதிரியக்கச் சிகிச்சைக்கு முன்பே பற்களைக் காட்டுங்கள்

வாய், தொண்டை, மூக்கின் பின்புறம் ஆகிய இடங்களில் புற்றுநோய் கண்டவர்களுக்குக் கதிரியக்கச் சிகிச்சை உயிர் காக்கும் மருத்துவம். ஆனால், சிகிச்சை முடிந்த சில மாதங்களில், அதுவரை நன்றாக இருந்த பற்கள் ஈறின் ஓரத்தில் கறுத்து, அரித்து, ஒடிந்து விழுவதுண்டு. நோய் திரும்பிவிட்டதோ என்று குடும்பமே பயந்துவிடும். உண்மைக் காரணம் வேறு.

பல்லை மூடியிருக்கும் எனாமல்தான் மனித உடலிலேயே மிகக் கடினமான பொருள். ஆனால் அதில் உயிரணுக்கள் இல்லை. முறிந்த எலும்பு மீண்டும் கூடும். அழிந்த எனாமல் மீண்டும் வளராது. அதற்குக் காவல் நமது எச்சில்தான். நாம் உண்ணும் இனிப்பை வாயிலுள்ள கிருமிகள் அமிலமாக மாற்றுகின்றன. அந்த அமிலம் எனாமலைக் கரைக்கிறது. எச்சில் அமிலத்தைத் தணித்து, பல் இழந்த கால்சியத்தைத் திருப்பிக் கொடுக்கிறது.

தலை, கழுத்துப் பகுதிக்கான சிகிச்சை பொதுவாக வாரத்திற்கு 5 நாள்கள் என 6 முதல் 7 வாரங்கள் வரை நடக்கும். காதின் முன்புறமும் தாடையின் அடியிலும் உள்ள எச்சில் சுரப்பிகள் கதிர் பாயும் வழியில் இருந்தால், முதல் சில வாரங்களிலேயே வாய் வறளத் தொடங்கும். சிலருக்கு எச்சில் பழையபடி ஊறுவதே இல்லை. காவல் போனபின், சாதாரணமாகச் சொத்தை விழாத முன்பற்களின் நுனியும் அரிக்கத் தொடங்குகிறது. எனாமலும் அதன் கீழ் அடுக்கும் சேரும் இடத்தைக் கதிர் நேரடியாகவே பலவீனப்படுத்துவதாகவும் ஆய்வுகள் காட்டுகின்றன.

மார்பகம், கருப்பைவாய் போன்ற இடங்களில் கதிர் செலுத்தப்படுவோருக்கு இந்தப் பாதிப்பு ஏற்படுவதில்லை.

இதைவிடப் பெரிய ஆபத்து ஒன்று உண்டு. கதிர் பட்ட தாடை எலும்பில் இரத்த ஓட்டம் குறைந்துவிடும். ‘வலிக்கிற பல்லைப் பிடுங்கிவிட்டால் தீர்ந்தது’ என்று பிறகு பிடுங்கினால், புண் ஆறாமல் எலும்பே செத்துப்போகக்கூடும். பல ஆண்டுகள் கழிந்தாலும் இந்த அபாயம் நீங்காது.

எனவே, சிகிச்சைத் தேதி கிடைத்த உடனேயே பல் மருத்துவரைப் பார்க்க வேண்டும். காப்பாற்ற முடியாத பற்களை, முடிந்தால் இரண்டு வாரங்களுக்கு முன்பே எடுத்துவிட்டால் புண் ஆற நேரம் கிடைக்கும். புத்ராஜெயாவுக்கோ ஜொகூர் பாருவுக்கோ வாரக்கணக்கில் போய்வர வேண்டிய தோட்டக் குடும்பங்கள், அந்த அலைச்சலில் பல்லை மறந்துவிடக்கூடாது.

சிகிச்சைக்குப் பிறகு கவனிக்க வேண்டியவை:

• மென்மையான பிரஷ்ஷால் தினமும் இருமுறை பல் துலக்குங்கள். புளோரைடு கூடுதலாக உள்ள பற்பசை அல்லது ஜெல் வேண்டுமா என மருத்துவரிடம் கேளுங்கள்.

• அடிக்கடி வெறும் தண்ணீரைச் சிறிது சிறிதாகக் குடியுங்கள். வாய் வறள்கிறது என்று இனிப்புத் தேநீர், மைலோ, சிராப் ஆகியவற்றை நாள் முழுவதும் உறிஞ்ச வேண்டாம்.

• எச்சில் ஊறட்டும் என்று ஆசாம், எலுமிச்சை மிட்டாய் சப்புவது எனாமலை மேலும் கரைக்கும். சர்க்கரை இல்லாத சூயிங்கம் நல்லது.

• வெற்றிலை பாக்கு, புகையிலையை அடியோடு நிறுத்துங்கள். நம் நாட்டில் வாய்ப் புற்றுநோய் இந்தியர்களிடையே, குறிப்பாகப் பெண்களிடையே, அதிகம் காணப்பட இந்தப் பழக்கமே முக்கியக் காரணம்.

• மூன்று மாதத்திற்கு ஒருமுறையாவது பல் பரிசோதனை செய்யுங்கள். எந்தக் கிளினிக்கிற்குப் போனாலும், எத்தனை ஆண்டுகள் ஆகியிருந்தாலும், ‘எனக்குத் தாடையில் கதிர் வைத்திருக்கிறார்கள்’ என்பதை முதலில் சொல்லுங்கள். வயதானவர்கள் சொல்ல மறந்தால், உடன் செல்லும் பிள்ளைகள் சொல்ல வேண்டும்.