முத்தில்லாத சிப்பி எங்கே?

பி.காம். படித்தவன் பங்குச் சந்தையில் தோற்கலாமோ? இன்றைய நிஃப்டி கம்பெனிகள் 50-ஐயும் எடுத்து, இருபது வருட விலைகளை கம்ப்யூட்டரில் ஏற்றி, என் சொந்த ஃபார்முலாவை ஓட்டிப் பார்த்தேன். லாபமோ லாபம்! மனைவியின் வளையல்மேல் ஒரு கண் வைத்துக்கொண்டே காயல்பட்டினம் போய், ரத்தின வியாபாரம் பார்த்து ஓய்ந்த காக்காவிடம் காட்டினேன். (காக்கா என்றால் அங்கே அண்ணன். பறவையல்ல!)

"தம்பி, 1961-ல தூத்துக்குடியில கடைசி முத்துக்குளிப்பு. சிப்பியைத் திறக்காமலேதான் ஆயிரக்கணக்குல ஏலம் விடுவாகன்னு வாப்பா சொல்லுவாக. முத்து இருந்த சிப்பியை மட்டும் எண்ணினா, ஏலம் எடுத்தவன் எல்லாம் கோடீஸ்வரன்தான். உங்க லிஸ்ட்டுல சத்யம் இருக்கா?"

இல்லை! கணக்கு மோசடி அம்பலமாகி, 2009 ஜனவரியில் நிஃப்டியிலிருந்து நீக்கப்பட்ட கம்பெனி அது. என்னிடம் இருந்தவை பிழைத்தவை மட்டும்.

இன்னொரு கூத்து. 2024 அக்டோபரில் ரிலையன்ஸ் ஒன்றுக்கு ஒன்று போனஸ் தந்ததால் விலை பாதியானது. என் ஃபார்முலா அதை வீழ்ச்சி என்று நினைத்து, அலறியடித்து விற்றிருந்தது!

தேசியப் பங்குச் சந்தையின் 'பாவ்காபி' இலவசம். அன்றன்று வியாபாரமான பங்குகளெல்லாம், பின்னால் மூழ்கியவை உட்பட, அதில் உண்டு. போனஸ், பங்குப் பிரிப்பை நாம்தான் சரிக்கட்ட வேண்டும். அந்தந்த வருடம் நிஃப்டியில் யார் இருந்தார்கள் என்றும் பார்க்க வேண்டும்.

பார்த்தேன். புரோக்கர் கமிஷனையும் கழித்தேன். லாபம், பேங்க் டெபாசிட் வட்டியைக்கூடத் தொடவில்லை.

வளையல் இன்னும் கையில்தான் இருக்கிறது. மனைவியின் கையில்!