படகு இழுக்கும் வண்டிக்கு எந்த டயர்?

நெடுஞ்சாலையில் போகும்போது சாலையோரம் கறுப்பாக நீளநீளமாய்ச் சில துண்டுகள் கிடப்பதைப் பார்த்திருப்பீர்கள். பாம்பு உரித்துப் போட்ட சட்டைபோல இருக்கும். அவை டயரிலிருந்து கழன்று விழுந்த மேல்தோல்.

போன பள்ளி விடுமுறையில் அப்படி ஒரு துண்டு எங்கள் வண்டியிலிருந்தே விழுந்தது. கிள்ளானிலிருந்து பேராக் மாநிலத்தின் தெமெங்கோர் ஏரிக்கு மீன்பிடிக்கப் புறப்பட்டிருந்தோம். சித்தப்பாவின் நான்கு கதவு பிக்கப் வண்டி; பின்னால் டிரெய்லரில் படகு. உள்ளே நாங்கள் ஐந்து பேர். தாப்பாவைத் தாண்டியதும் வண்டியின் பின்பக்கம் தடதடவென்று அடித்தது. சித்தப்பா பிரேக்கைத் திடீரென அழுத்தவில்லை. ஸ்டியரிங்கை நேராகப் பிடித்தபடி, வேகம் தானாகக் குறையும்வரை காத்திருந்து, அவசரத் தடத்தில் நிறுத்தினார். இடப்பக்கப் பின் டயரின் மேல்தோல் பாதி உரிந்து தொங்கியது.

எல்லாரும் கேட்ட கேள்வி ஒன்றுதான். டயரின் வரிப்பள்ளங்கள் இன்னும் ஆழமாகத்தானே இருக்கின்றன? தேயாத டயர் ஏன் பிரிந்தது? அதற்கு விடை தெரிந்தால், அடுத்து எந்த டயரை வாங்குவது என்பதும் தெரிந்துவிடும்.

வண்டியைத் தாங்குவது காற்று

வண்டியின் எடையைத் தாங்குவது ரப்பர் என்று நினைக்கிறோம். உண்மையில் பெரும்பகுதியைத் தாங்குவது உள்ளே அடைபட்டிருக்கும் காற்றுதான். டயர் அந்தக் காற்றைப் பிடித்து வைத்திருக்கும் பை.

ஒரு டயர்மீது 755 கிலோ எடை இருப்பதாகக் கொள்வோம். அது சுமார் 7,400 நியூட்டன் விசை. டயருக்குள் காற்றழுத்தம் 240 கிலோபாஸ்கல். விசையை அழுத்தத்தால் வகுத்தால், டயர் சாலையைத் தொடும் பரப்பு தோராயமாகக் கிடைக்கும்: 308 சதுர சென்டிமீட்டர். ஓர் ஏ4 தாளில் பாதி! அழுத்தம் 160 கிலோபாஸ்கலாகக் குறைந்தால் அது 462 சதுர சென்டிமீட்டராக விரியும். அதாவது டயர் அதிகமாக நசுங்கி, பக்கச்சுவர் அதிகமாக வளைகிறது.

உண்மையான எதிரி வெப்பம்

ஒரு ரப்பர் பட்டையைப் பலமுறை வேகமாக இழுத்து விட்டு, உதட்டில் வைத்துப் பாருங்கள். வெதுவெதுப்பாக இருக்கும். ரப்பரை வளைக்க நாம் கொடுக்கும் ஆற்றல் முழுவதும் திரும்பக் கிடைப்பதில்லை. ஒரு பகுதி வெப்பமாக மாறிவிடுகிறது.

பிக்கப் வண்டிகளில் பரவலாக உள்ள 17 அங்குல ரிம் டயர் ஒன்று ஒரு கிலோமீட்டருக்குச் சுமார் 410 முறை சுற்றுகிறது. மணிக்கு 90 கிலோமீட்டர் வேகத்தில் அது வினாடிக்குப் பத்துச் சுற்று. ஒவ்வொரு சுற்றிலும் டயரின் ஒவ்வொரு பகுதியும் ஒருமுறை நசுங்கி நிமிர்கிறது. 300 கிலோமீட்டர் பயணத்தில் ஒரு லட்சத்து இருபதாயிரம் முறைக்கு மேல்!

சுமை கூடினாலும், காற்று குறைந்தாலும், வேகம் ஏறினாலும் இந்த வெப்பம் கூடும். டயருக்குள் எஃகுக் கம்பிப் பட்டைகள் ரப்பரோடு ஒட்டி வைக்கப்பட்டுள்ளன. வெப்பம் மிகுந்தால் அந்தப் பிடிப்பு தளர்ந்து, அடுக்குகள் பிரிகின்றன. கடைசியில் மேல்தோல் உரிகிறது.

இது சிறிய விஷயமல்ல. 2000ஆம் ஆண்டு ஆகஸ்டில் அமெரிக்காவில் ஃபயர்ஸ்டோன் நிறுவனம் சுமார் 65 லட்சம் டயர்களைத் திரும்பப் பெற்றது. மேல்தோல் உரிந்து வண்டிகள் கவிழ்ந்ததில் இருநூறுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்திருந்தனர். டயரின் வடிவமைப்பு, தயாரிப்பு ஆகியவற்றோடு குறைந்த காற்றழுத்தமும் வெப்பமும் அந்த விசாரணைகளில் பேசப்பட்டன.

எங்கள் டயரில் ஓர் ஆணி ஏறி, காற்று மெல்லக் கசிந்துகொண்டிருந்தது. அதோடு அதற்கு வயது ஏழு. வரிப்பள்ளம் மட்டும் புதிதுபோல் இருந்தது.

படகின் எடை எங்கே போகிறது?

படகும் டிரெய்லரும் சேர்ந்து 1,500 கிலோ என்று வைத்துக்கொள்வோம். பெரும்பகுதியை டிரெய்லரின் சொந்தச் சக்கரங்களே தாங்கும். சுமார் பத்தில் ஒரு பங்கு, அதாவது 150 கிலோ, வண்டியின் கொக்கியை அழுத்தும்.

150 கிலோதானே என்று விட்டுவிடக் கூடாது. கொக்கி, பின் அச்சுக்கு 1.2 மீட்டர் பின்னால் இருக்கிறது. முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் இடையே 3 மீட்டர். இது ஒரு நெம்புகோல். பின் அச்சே அதன் தாங்குபுள்ளி. கொக்கியில் 150 கிலோ அழுத்தும்போது முன் அச்சிலிருந்து 150 × 1.2 ÷ 3 = 60 கிலோ தூக்கப்படுகிறது. அந்த 60 கிலோவையும் சேர்த்துப் பின் அச்சு 210 கிலோவைச் சுமக்கிறது.

வண்டி, ஆட்கள், சாமான்கள் எல்லாம் சேர்ந்து பின் அச்சில் ஏற்கெனவே 1,300 கிலோ இருந்தால், மொத்தம் 1,510 கிலோ. ஒரு டயருக்கு 755 கிலோ. மேலே பார்த்த எண் இப்படி வந்ததுதான்.

டயர் சுவரில் எழுதியிருக்கும் ரகசியம்

டயர் கடையில் தவுக்கே முதலில் காட்டியது வரிப்பள்ளத்தை அல்ல, பக்கச்சுவரை. அங்கே 265/65 ஆர் 17 112 எஸ் என்று இருந்தது.

265 என்பது மில்லிமீட்டரில் அகலம். 65 என்பது அந்த அகலத்தில் பக்கச்சுவரின் உயரம் எத்தனை விழுக்காடு என்பது. ஆர் என்றால் ரேடியல் வகை. 17 என்பது ரிம்மின் விட்டம், அங்குலத்தில். எஸ் என்றால் மணிக்கு 180 கிலோமீட்டர் வரை தாங்கும்.

இழுவை வண்டிக்கு மிக முக்கியமானது 112. அது சுமை எண். நேரடியாகக் கிலோ அல்ல. அதற்கென ஒரு பட்டியல் உண்டு. 107 என்றால் 975 கிலோ, 112 என்றால் 1,120 கிலோ, 120 என்றால் 1,400 கிலோ. உரிய காற்றழுத்தம் இருந்தால்தான் இந்த அளவு செல்லும்.

இங்கே ஒரு பொறி இருக்கிறது. அழகுக்காகச் சிலர் 20 அங்குல ரிம்முக்கு மாறுகிறார்கள். 265/50 ஆர் 20 டயர் ஏறக்குறைய அதே உயரம்தான். ஆனால், அந்த அளவில் சுமை எண் 107 உள்ள டயர்களும் விற்கப்படுகின்றன. வாங்கியவருக்குத் தெரியாமலே ஒரு டயருக்கு 145 கிலோ தாங்குதிறன் போய்விடும்.

மூன்று டயர்கள், ஒரு முடிவு

தவுக்கே மூன்று டயர்களை உருட்டி வந்தார்.

முதலாவது, நெடுஞ்சாலை டயர், சுமை எண் 112. வரிகள் நெருக்கமானவை, மழைநீரை வெளியேற்றும் நீளமான பள்ளங்கள் உண்டு.

இரண்டாவது, சேற்று டயர். பெரிய பெரிய கட்டைகள். பார்க்கவே முரட்டுத்தனமாக இருந்ததால் தம்பி இதைத்தான் கேட்டான். ஆனால், தார்ச்சாலையில் அந்த உயரமான கட்டைகள் ஒவ்வொன்றும் நெளியும். நெளிந்தால் வெப்பம், வெப்பத்தோடு தேய்மானம். ஈரத் தார்ச்சாலையில் பிடிப்பும் குறைவு. செம்பனைத் தோட்டத்துச் சேற்றில் தினமும் ஓடும் வண்டிக்கே இது பொருத்தம்.

மூன்றாவது, எல்.டி. என்று குறித்த கனரக டயர், சுமை எண் 120. சுவர் தடிப்பு, கல்லுக்கும் குத்தலுக்கும் அஞ்சாது. ஆனால், 1,400 கிலோ தாங்க அதற்கு 450 கிலோபாஸ்கலோ அதற்கு மேலோ காற்று வேண்டும். பழைய டயருக்கு அடித்த அதே அழுத்தத்தில் ஓட்டினால் அதன் பலம் கிடைக்காது. 3 டன் இயந்திரத்தை இழுத்துக்கொண்டு கல்சாலையில் போகிறவருக்கு இது சரி.

எங்கள் கணக்கு 755 கிலோ, தாங்குதிறன் 1,120. சித்தப்பா முதல் டயரையே நான்கு சக்கரத்துக்கும் மாற்றினார். முரட்டுத் தோற்றத்தைவிட, வேலைக்கு ஏற்ற பொருத்தமே நீடித்து உழைக்கும்.

பால்மரத்தின் பங்கு

1877இல் பிரேசில் ரப்பர் மரத்தின் 22 கன்றுகள் சிங்கப்பூருக்கு வந்தன. பின்னர் மலாயா முழுதும் தோட்டங்கள் எழுந்தன. நம் தாத்தா பாட்டிகள் பலர் விடியுமுன் எழுந்து பால்மரம் வெட்டியது அங்கேதான். இன்று செயற்கை ரப்பர் ஏராளமாக இருந்தும், லோரி டயரிலும் விமான டயரிலும் இயற்கை ரப்பரை அதிகம் சேர்க்கிறார்கள். காரணம், வளைந்து நிமிரும்போது அது குறைவான வெப்பத்தையே உண்டாக்குகிறது. இழுபடும்போது அதன் மூலக்கூறுகள் ஒழுங்காக அடுக்கப்பட்டு, விரிசல் பரவாமல் தடுக்கின்றன.

நீங்களே பாருங்கள்

இந்த வாரம் வீட்டு வண்டியில் நான்கு விஷயங்களைச் சோதியுங்கள்.

1. பிறந்த நாள்: டி.ஓ.டி. எழுத்துகளோடு தொடங்கும் குறியீட்டின் கடைசி நான்கு இலக்கங்களைத் தேடுங்கள். 2323 என்றால் 2023ஆம் ஆண்டின் 23ஆம் வாரம். ஐந்து ஆண்டு கடந்தால் ஆண்டுதோறும் சோதிக்க வேண்டும். பத்து ஆண்டுக்குள் மாற்றிவிட வேண்டும் எனப் பல தயாரிப்பாளர்கள் சொல்கிறார்கள். வெயிலில் நிற்கும் டிரெய்லரின் டயர்களையும் மறக்காதீர்கள். அவை தேயும் முன்பே மூப்படையும்.

2. சுமை எண்: வண்டியோடு வந்த டயரின் எண்ணைவிடக் குறையக் கூடாது.

3. காற்றழுத்தம்: ஓட்டுநர் கதவோரம் ஒட்டிய அட்டையில் சரியான அளவு இருக்கும். டயர் குளிர்ந்திருக்கும்போது அளக்க வேண்டும். 30 பாகையிலிருந்து 60 பாகை செல்சியசுக்குச் சூடானால், கே-லூசாக் விதிப்படி 240 கிலோபாஸ்கல் ஏறக்குறைய 274 ஆகும். கூடிவிட்டதே என்று காற்றைத் திறந்துவிட்டால், ஆறியதும் குறைந்துபோகும்.

4. வரிப்பள்ளம்: பள்ளத்துக்குள் சிறு மேடுகள் தெரியும். அவற்றின் மட்டத்துக்கு டயர் தேய்ந்தால் ஆழம் 1.6 மில்லிமீட்டர். அதற்குக் கீழே போனால் மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் சட்டப்படி குற்றம்.

அடுத்த விடுமுறைக்கும் தெமெங்கோர் போகிறோம். புறப்படும் காலையில் டயரின் காற்றழுத்தத்தை அளப்பது இனித் தம்பியின் வேலை. அளவுமானியை அவனே தன் பையில் வைத்திருக்கிறான்.